நடுச்சட்டி யாருக்கு: நிஷி-கசாயில் இரண்டு நாபே விருந்துகள்

இந்தக் குறிப்பு இரண்டு சனிக்கிழமை இரவுகளைப் பற்றியது. முதலாவது டிசம்பர் நடுவில், இரண்டாவது ஜனவரி கடைசியில். இடம் டோக்கியோவின் எடோகவா வட்டாரத்தில் நிஷி-கசாய், எங்கள் மூன்றாம் மாடி வீடு. இரண்டு இரவும் அதே ஆறு பேர், அதே மேசை. சமைத்தது நாபே: மேசை நடுவில் அடுப்பு, அடுப்பின் மேல் சட்டி, கொதிக்கக் கொதிக்க அதிலிருந்தே எடுத்துச் சாப்பிடும் ஜப்பானியக் குளிர்காலச் சாப்பாடு.

முதல் இரவு கெட்டுப்போனது. சாப்பாடு கெட்டதைக்கூட மறந்துவிடலாம். வந்தவர்களில் ஒருவர் அதே மேசையில் உட்கார்ந்தும் விருந்துக்கு வெளியே இருந்தார். அதுதான் எனக்கு ஆறவில்லை. ஏன் அப்படி ஆனது, அடுத்த முறை எதை மாற்றினோம், மாற்றியதில் எது பலித்தது என்பதை, வீட்டில் நாபே வைக்க நினைக்கும் நம்மவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

யார் யார், எந்தச் சட்டி

நானும் கணவரும். கணவரோடு வேலை பார்க்கும் ஜப்பானியர் ஒருவர், அவர் மனைவி. அப்புறம் இரண்டு நிறுத்தம் தள்ளிக் குடியிருக்கும் ஒரு தமிழ்த் தம்பதி. எங்களுக்கு அவர்கள் அண்ணனும் அக்காவும். அண்ணன் எல்லாம் சாப்பிடுவார். அக்கா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். ஜப்பானியரின் மனைவிக்குச் சொந்த ஊர் ஃபுகுவோகா, வயது ஐம்பதுக்கு மேல். அவரை ஃபுகுவோகா அம்மா என்றே இங்கே சொல்கிறேன்.

நாபே என்ற சொல்லுக்குச் சட்டி என்றுதான் பொருள். சட்டியில் வேகும் சாப்பாட்டுக்கும் அதே பெயர். ஊருக்கு ஊர் அது வேறு வேறு: ஹொக்கைடோவில் சால்மனும் மிசோ எனும் புளித்த சோயா விழுதும் சேர்த்த இஷிகாரி நாபே, அகிதாவில் சோற்றைப் பிசைந்து குச்சியில் பிடித்துச் சுட்டுப் போடும் கிரிதான்போ, ஃபுகுவோகாவில் கோழியை வெறும் தண்ணீரில் வேகவைக்கும் மிசுதாகி, சுமோ வீரர்களின் கூடங்களில் சாங்கோ. நான் எடுத்துக்கொண்டது யோசேநாபே. 'யோசேரு' என்றால் ஒன்றுசேர்ப்பது. மீன், கோழி, இறால், டோஃபு, காய்கறி எல்லாம் ஒரே சட்டியில். ஆறு பேர் கூடும் விருந்துக்குப் பெயரே பொருத்தமாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

சட்டி, தோனாபே எனும் மண் சட்டி. இதை இங்கே எண் சொல்லி விற்பார்கள். ஒரு எண் என்பது பழைய அளவில் ஒரு சுன், சுமார் 3 செ.மீ. நான் வாங்கியது எட்டாம் எண், குறுக்களவு 25 செ.மீ.க்குள். அது மூன்று நான்கு பேருக்கான சட்டி. ஆறு பேருக்குப் பத்தாம் எண் வேண்டும். கடையில் பத்தாம் எண்ணையும் தூக்கிப் பார்த்தேன்; கனம் கையை இழுத்தது, வைத்துவிட்டேன்.

எங்கள் அடுப்படியில் இருப்பது இண்டக்‌ஷன் அடுப்பு. சாதாரண மண் சட்டி அதில் சூடேறாது. அதனால் மொத்தச் சூடும் மேசை அடுப்பிலிருந்தே வந்தாக வேண்டும். இங்கே கசெட்டோ கொன்ரோ என்பார்கள். 250 கிராம் பியூட்டேன் குப்பியைப் பக்கவாட்டில் செருகி எரிக்கும் சின்ன காஸ் அடுப்பு. பல வீடுகளில் இது நாபேக்காக மட்டும் இருப்பதில்லை, நிலநடுக்கத்துக்காகவும் இருக்கிறது. 1995 கோபே நிலநடுக்கத்தில் குழாய் காஸ் நின்றபோது பலருக்கு இதுதான் சோறாக்கியது. ஒரு கம்பெனிக் குப்பி இன்னொரு கம்பெனி அடுப்பில் பொருந்தாமல் அப்போது பட்ட பாட்டுக்குப் பிறகு, 1998இல் குப்பிக்கு ஒரே அளவாகத் தரம் வகுத்தார்கள்.

டிசம்பர் இரவு

ஏழு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். ஏழேகாலுக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். சட்டியில் குழாய்த் தண்ணீர், அதில் கொம்பு என்கிற காய்ந்த கடற்பாசி ஒரு பெரிய துண்டு. பருப்பு வேகிற மாதிரி நன்றாகக் கொதித்தால் சாறு இறங்கும் என்று அப்படியே விட்டேன். மண் சட்டியில் எடுத்தவுடன் பெரிய தீ வைக்கக்கூடாது, விரிசல் விடும். நடுத்தரத் தீயில் கொதி வருவதற்கு ஏழே முக்கால் ஆனது. கொம்பு ஊதிப் பெருத்து, தண்ணீர் வழவழவென்று, லேசான கசப்போடு இருந்தது.

கொதி வந்ததும் தட்டில் அழகாக அடுக்கி வைத்திருந்த எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உள்ளே இறக்கினேன். ஹகுசாய் எனும் சீன முட்டைகோஸ் அரைப் பூ, கோழித்துண்டுகள், பனிக்கடல் காட் மீன், இறால், காளான், டோஃபு. மூடி மேலே நின்றது, மூடவில்லை. கொதி அடங்கிவிட்டது. பிறகு அது திரும்பி வரவே இல்லை.

இதற்கிடையில் அக்காவுக்கு என்று அடுப்படியில் தனியாக ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் கொம்பு போட்டு டோஃபுவும் காளானும் வேகவைத்திருந்தேன். அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். மற்ற ஐந்து பேரும் சட்டியைப் பார்த்துக் காத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் தனிக் கிண்ணத்தில் சாப்பிட்டார். "எல்லாரும் சேந்து சாப்பிடலாமே" என்று ஒரு முறை சொன்னார். "நீங்க ஆரம்பிங்கக்கா, ஆறிடும்" என்றேன்.

தொட்டுக்கொள்ளப் பொன்சு. எலுமிச்சை இனப் பழச்சாறும் சோயா சாஸும் கலந்தது, கடையில் வாங்கிய பாட்டில். மூன்று துண்டு டோஃபுவை அக்கா அதில் தொட்டுச் சாப்பிட்டிருப்பார். கணவரின் நண்பர் தற்செயலாகப் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தார். அவர் முகம் மாறியது. "இதில் கட்சுவோ சேர்ந்திருக்கிறது. இவர் சாப்பிடலாமா?" என்று என் கணவரிடம் மெதுவாகக் கேட்டார்.

கட்சுவோ என்பது சூரை மீன். நம் பக்கத்து மாசிக் கருவாடும் சூரையில் செய்வதுதான். அந்த மீனைப் புகையில் உலர்த்திச் சீவி எடுத்த சாறு பொன்சுவில் கலந்திருந்தது. அக்கா கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். எனக்குக் கை காலெல்லாம் பதறியது. "பரவால்லம்மா, விடு. தெரியாமத்தானே" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "சோறும் தயிரும் இருந்தா போதும்" என்றார். நாபே விருந்தில் அவர் தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மற்ற ஐந்து பேர் கதையும் நன்றாக இல்லை. எட்டரைக்குக் கோழியை வெட்டிப் பார்த்தால் நடுவில் இளஞ்சிவப்பு. மீன் மட்டும் கரைந்து நாராகியிருந்தது. அந்த நேரத்தில் தீ சுருங்கி அணைந்தது; குப்பி காலி. வேறு குப்பி வாங்கி வைக்கவில்லை. கணவர் கீழே ஓடிப்போய் வாங்கிவந்து திரும்பப் பற்றவைக்க இருபது நிமிடம். ஒன்பதேகாலுக்குச் சாப்பிட்டது நாபே இல்லை, தண்ணியான முட்டைகோஸ் சூப்.

சூடு எங்கே போனது

மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சட்டியில் கொதிக்கிற சாறு ஒரு லிட்டர். குளிர்பெட்டியிலிருந்து வந்த காயும் கறியும் ஒரு கிலோவுக்குக் குறையாது, 5 டிகிரியில். 95ஐயும் 5ஐயும் சரிபாதி கலந்தால் 50 டிகிரி. மண் சட்டியில் தேங்கிய சூட்டைச் சேர்த்தாலும் இன்னும் கொஞ்சம்தான் கூடும். அதாவது பச்சைக் கோழியை நான் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்திருக்கிறேன். கோழியின் நடுப்பாகம் 75 டிகிரியில் ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது ஜப்பானிய சுகாதார அமைச்சின் அறிவுரை. அரைவேக்காட்டுக் கோழியால் வரும் கேம்பிலோபாக்டர் வயிற்றுப்போக்கு இங்கே அடிக்கடி செய்தியில் வருவது. யாருக்கும் எதுவும் ஆகாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாறு நீர்த்ததற்குக் காரணம் ஹகுசாய். அதில் 95 சதவீதம் தண்ணீர். வேக வேக அவ்வளவும் சட்டிக்குள் இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தின்று தீர்த்து, மறுபடி போட்டால் சாறு தாங்கும். அரைப் பூவை ஒரேயடியாகக் கொட்டினால் தாங்காது.

குப்பி காலியானதும் கணக்குதான். இந்தக் குப்பி முழுத் தீயில் ஒரு மணி நேரம் சொச்சம் எரியும். அரை மணி நேரத்தைக் குளிர்ந்த தண்ணீர் கொதிப்பதற்கே செலவழித்தேன். பிறகு அடங்கிய கொதியை எழுப்பத் தீயைக் கூட்டினேன். போதாததற்குக் குப்பியை பால்கனி அலமாரியில் வைத்திருந்தேன். பியூட்டேன் சுழியம் டிகிரிக்கு அருகில்தான் ஆவியாகவே தொடங்குகிறது. டிசம்பர் குளிரில் விறைத்த குப்பி சோம்பலாக எரிந்தது.

கொம்புவைப் பற்றி ஃபுகுவோகா அம்மா அன்று மேசையில் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் கேட்டபோதுதான் சொன்னார்: குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரமாவது ஊறட்டும், சின்னத் தீயில் ஏறட்டும், பாத்திரத்தின் அடியில் குமிழி கிளம்பும்போது எடுத்துவிடுங்கள். ஒரு லிட்டருக்கு 10 கிராம் போதும். கொம்புவின் ருசி அதிலுள்ள குளுட்டமிக் அமிலத்தால் வருகிறது. இதை 1908இல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் இகேடா கிகுனாயே பிரித்தெடுத்து 'உமாமி' என்று பெயர் வைத்தார். அந்த ருசி இறங்க முரட்டுக் கொதி தேவையில்லை. கொதித்தால் வழவழப்பும் கடல் வாடையும் சேர்ந்து வரும்.

லேபிளில் நான் பார்க்காத இடம்

பொன்சு விஷயத்தை இன்னும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நான் லேபிளைப் பார்க்காமல் வாங்கவில்லை. பார்த்துத்தான் வாங்கினேன். ஜப்பானிய உணவுப் பொட்டலங்களில் ஒவ்வாமைப் பொருள்களைத் தனியாகக் காட்டும் பழக்கம் உண்டு. இறால், நண்டு, வால்நட், கோதுமை, பக்வீட், முட்டை, பால், நிலக்கடலை முதலியவற்றைக் காட்டுவது கட்டாயம். சால்மன், சபா எனும் கானாங்கெளுத்தி போன்றவை, காட்டினால் நல்லது என்ற பட்டியலில் இருக்கின்றன. போனை வைத்து அந்தப் பெட்டியை மொழிபெயர்த்தேன். கோதுமை, சோயா என்று வந்தது. மீன் இல்லை என்று கூடையில் போட்டேன்.

கட்சுவோ இந்த இரண்டு பட்டியலிலும் கிடையாது. அது ஒவ்வாமைக்கான பெட்டி, சைவத்துக்கானது இல்லை. பார்க்க வேண்டியது 'கென்சாய்ர்யோ' என்ற தலைப்பின் கீழ் உள்ள முழுச் சேர்மானப் பட்டியல். அதில் கட்சுவோபுஷி, கட்சுவோ எக்கிஸ், கியோகாய் எக்கிஸ் என்று எது வந்தாலும் மீன்தான். பொன்சுவில் மட்டுமில்லை, எள் சாஸில், மென்ட்சுயு எனும் நூடுல்ஸ் சாற்றில், சில மிசோக்களில், பொட்டலத்தில் வரும் நாபே சாறு பெரும்பாலானவற்றில் இது இருக்கும். வெள்ளையாக வட்டமாக நடுவில் துளையோடு இருக்கும் சிக்குவா பார்க்கக் காய் போல இருந்தாலும் அரைத்த மீன். ஜப்பானுக்குப் புதிதாக வரும் சைவக் குடும்பங்களுக்கு நான் இப்போது முதலில் சொல்வது இந்த ஒரு தகவலைத்தான்.

ஊரில் தெரிந்தது, இங்கே மறந்தது

ஜனவரி முதல் வாரம் அந்த எட்டாம் எண் சட்டியில் அக்காவுக்காக ஒரு சோதனை வைத்தேன். வெறும் கொம்பு, டோஃபு. மூடியைத் திறந்தால் மீன் வாடை. மூன்று முறை கழுவிய சட்டி அது.

மண் சட்டி குடிக்கும். எங்கள் ஊர் வீட்டில் மீன் குழம்புச் சட்டி கொல்லைப்புற மாடத்தில் தனியாக இருந்தது. அதில் பால் காய்ச்சுவதை யாராவது கற்பனை செய்திருப்பார்களா? ஜப்பானிய மண் சட்டியும் மண்தான். மியே மாகாணத்தின் இகா ஊர்ச் சட்டிக்கான மண் பழைய பிவா ஏரியின் படிவிலிருந்து வருவது. அதிலிருந்த நுண்ணுயிர்களின் எச்சங்கள் சூளையில் எரிந்து சின்னச் சின்னத் துளைகளாக நிற்கும். சூட்டைப் பிடித்து வைப்பது அந்தத் துளைகள். வாடையைப் பிடித்து வைப்பதும் அவைதான். அதே மாகாணத்து யொக்கைச்சியின் பான்கோ சட்டிகளில் பெட்டலைட் என்ற தாதுவைக் கலப்பதால் தீயைக் கூடுதலாகத் தாங்கும். ஆனாலும் அது மண் சட்டிதான்.

இன்னொன்றும் விட்டிருந்தேன். புதுத் தோனாபேயில் முதலில் கஞ்சி காய்ச்ச வேண்டும். 'மேதோமே' என்பார்கள், கண்ணை அடைப்பது என்று பொருள். முக்கால் சட்டித் தண்ணீரில் ஒரு பிடி சோறு போட்டு, சின்னத் தீயில் ஒரு மணி நேரம் விட்டு, நன்றாக ஆறியபின் கழுவிக் கவிழ்த்துக் காயவைப்பது. மாவுச்சத்து துளைகளை அடைக்கும். நம் வீட்டில் புதுச் சட்டியை வடிகஞ்சி ஊற்றிப் பழக்குவோமே, அதேதான். சட்டியோடு வந்த தாளில் படத்தோடு போட்டிருந்தார்கள். ஜப்பானியப் பொருள் என்றதும், எனக்கு ஏற்கெனவே தெரிந்ததை அதற்குப் பொருத்திப் பார்க்கவில்லை.

மூன்றாவது, எச்சில். ஜப்பானியக் குடும்பத்துக்குள் அவரவர் சாப்ஸ்டிக்கையே சட்டியில் விட்டு எடுப்பது சாதாரணம். அதற்கு 'ஜிகாபாஷி' என்று பெயர். விருந்தாளிகள் இருந்தால் பொதுவில் தோரிபாஷி என்று ஒரு சோடி வைப்பார்கள். டிசம்பரில் நான் வைக்கவில்லை. தன் குச்சியைத் திருப்பிப் பின்முனையால் அண்ணன் எடுத்தார். அவர் மரியாதையாகத்தான் செய்தார், இங்கே அது அவ்வளவு நல்ல பழக்கமாகக் கருதப்படுவதில்லை. எப்படியும் அந்தச் சட்டியில் அக்காவுக்கு இடமில்லை என்று ஆகிவிட்டதால் எச்சிலைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அவரும் சாப்பிடும் சட்டி என்று நினைத்திருந்தால் முதலில் நினைவுக்கு வந்திருப்பது அதுவாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் யோசித்து முடித்தபின் தெரிந்த ஒன்று இது. என் திட்டத்தில் நடுச்சட்டி மீனுக்கும் கோழிக்கும், அக்காவுக்கு ஓரக் கிண்ணம். சூடு, சாறு, குப்பி எல்லாவற்றையும் சரிசெய்திருந்தாலும் அவர் அன்று தனியாகத்தான் சாப்பிட்டிருப்பார். நாபே விருந்தில் எல்லோருடைய கையும் போகும் இடம் நடுச்சட்டி. மேசையில் யாருக்குக் கட்டுப்பாடு அதிகமோ அவரும் எடுத்துச் சாப்பிடக்கூடியதாக அது இருக்க வேண்டும். கறி ஓரத்துக்குப் போகட்டும். கறி சாப்பிடுகிறவர் இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

இது புது ஏற்பாடும் இல்லை. ஜப்பானில் புத்த மடங்களின் ஷோஜின் சமையல் கொம்புவையும் காய்ந்த ஷியிதாகே காளானையும் வைத்துத்தான் சாறு எடுக்கிறது. கியோட்டோவில் நான்சென்-ஜி கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் பேர்போன யுதோஃபு, ஒரு சட்டித் தண்ணீர், ஒரு துண்டு கொம்பு, டோஃபு, அவ்வளவுதான்.

ஜனவரி இரவு

புதிதாக ஒன்பதாம் எண் சட்டி ஒன்று வாங்கினேன். அது நடுச்சட்டி, அதில் மீனோ கறியோ என்றைக்கும் ஏறாது. பழைய எட்டாம் எண் கோழிக்கு. அடுப்பும் இரண்டாவது ஒன்று வந்தது. இரண்டையும் ஒட்டி வைக்கக்கூடாது, ஒன்றின் வெக்கை மற்றதன் குப்பியைச் சூடேற்றி வெடிக்க வைத்துவிடும். சட்டி அகலமாகிக் குப்பி இருக்கும் பக்கத்தை மூடினாலும் அதே ஆபத்து. அதனால் ஒன்பதாம் எண் அந்த அடுப்புக்கு அடக்கமா என்று விளக்கத் தாளில் பார்த்த பிறகே வாங்கினேன். கோழிச் சட்டியை மேசையின் கடைசிக்குத் தள்ளினோம். ஜன்னலை நான்கு விரல் திறந்து வைத்தோம். மூடிய அறையில் இரண்டு காஸ் அடுப்பு எரிவது விளையாட்டில்லை.

பொன்சு வீட்டிலேயே. 100 மி.லி. சோயா சாஸ், 80 மி.லி. யுசு பழச்சாறு, கொதிக்கவைத்துச் சாராயம் போக்கிய மிரின் எனும் இனிப்பு அரிசி மது இரண்டு கரண்டி, விரல் நீளக் கொம்பு. இரண்டு நாள் குளிர்பெட்டியில். யுசுவின் தோலைக் கீறும்போது வருகிற வாசம் நார்த்தங்காயை ஞாபகப்படுத்தியது. சாற்றுக்கு ஆறு காய்ந்த ஷியிதாகேயை முந்தின இரவே குளிர்ந்த நீரில் ஊறப்போட்டேன். இரண்டு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் கொம்பு. காளானில் இருக்கும் குவானிலேட்டும் கொம்புவின் குளுட்டமேட்டும் சேர்ந்தால் தனித்தனி ருசியைக் கூட்டியதைவிடப் பல மடங்கு தெரியும். மீன் இல்லாமலே அந்தச் சாறு நாக்கில் நின்றது.

கோழியை எலும்போடு வெட்டி, இண்டக்‌ஷன் அடுப்பில் நாற்பது நிமிடம் முழுதாக வேகவைத்து மேசைக்குக் கொண்டுவந்தேன். பச்சைக் கோழி மேசைக்கே வரவில்லை. இரண்டு சட்டியையும் விருந்தாளிகள் வருவதற்கு அரை மணி முன்பே சின்னத் தீயில் ஏற்றி, அவர்கள் உட்கார்ந்ததும் புதுக் குப்பி மாற்றினோம். தோரிபாஷி இரண்டு சோடி. கோழிச் சட்டியின் சோடிக்குச் சிவப்பு நூல் கட்டினேன்.

ஃபுகுவோகா அம்மா கை கழுவிவிட்டு வந்து ஒரு முள்ளங்கித் துண்டு கேட்டார். அதன் வெட்டிய முகத்தில் சாப்ஸ்டிக்கின் கூர்முனையை அழுத்தித் திருகி இரண்டு துளை போட்டார். விதை தட்டிய காய்ந்த மிளகாயைத் துளைக்குள் சாப்ஸ்டிக்காலேயே குத்தி இறக்கினார். அப்புறம் அப்படியே துருவியில் வட்டமாகத் தேய்த்தார். வெள்ளைத் துருவலில் சிவப்பு நுணுக்கமாகப் பரவி இளம்பவளமாக வந்தது. 'மொமிஜி ஓரோஷி' என்றார். இலையுதிர் காலத்து மேப்பிள் நிறம். அண்ணன் அதை வழித்து வழித்துச் சாப்பிட்டார்.

அன்று சட்டிக்குப் பொறுப்பு ஃபுகுவோகா அம்மாதான். ஜப்பானியர்கள் இப்படிப்பட்டவரை 'நாபே-புக்யோ' என்பார்கள். புக்யோ என்பது எடோ காலத்தில் நிர்வாகமும் நீதியும் பார்த்த அதிகாரி. எது எப்போது விழ வேண்டும், எதை எப்போது எடுக்க வேண்டும் என்பதை ஒருவர் பார்த்துக்கொண்டால் சட்டி தடுமாறாது. முதல் சுற்றில் முள்ளங்கி, கேரட், ஹகுசாயின் வெள்ளைத் தண்டு மட்டும். தண்டை நான் குறுக்கே வெட்டி வைத்திருந்தேன், அவர் கத்தியைச் சாய்த்துப் பிடித்துச் செதுக்கித் திரும்ப வெட்டினார். அப்படி வெட்டினால் முகம் அகலமாகிச் சீக்கிரம் வேகும். கொதி திரும்பியதும் டோஃபு, காளான்கள், வறுத்த டோஃபுவான அபுரா-அகே. இலைப் பகுதி அதற்கப்புறம். ஷுங்கிகு எனும் சாமந்திக் கீரையை ஒவ்வொருவர் எடுக்கப்போகும் நேரத்தில் போட்டு, பத்து எண்ணி எடுத்தார். சட்டி காலியாகும் வரை அடுத்த சுற்று விழவில்லை. கோழிச் சட்டியில் மிதந்த நுரையை எடுக்கும் வேலை என் கணவருக்கு. ஒரு கிண்ணம் தண்ணீரில் கரண்டியை அலசி அலசி எடுத்துக்கொண்டிருந்தார்.

இதற்கெல்லாம் முன்னால் ஃபுகுவோகா அம்மா செய்த ஒன்று உண்டு. மிசுதாகியில் எதையும் சாப்பிடும் முன் வெறும் சாற்றைக் குடிப்பது ஃபுகுவோகா வழக்கம். சின்னக் கோப்பையில் ஒரு சிட்டிகை உப்பு, நறுக்கிய வெங்காயத்தாள், மேலே சூடான சாறு. அவர் முதல் கோப்பையை நடுச்சட்டியிலிருந்து ஊற்றினார். இரண்டு கையாலும் பிடித்து அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "இதுல என்னம்மா போட்ட, ரசம் மாதிரி இறங்குது" என்றார்.

கடைசியில் ஷிமே, முடிப்பு. நாபேயில் அதுவரை எல்லாம் இறங்கிய சாற்றை வீணாக்காமல் அதில் சோறோ நூடுல்ஸோ போடுவது. கோழிச் சட்டியில் ஸோசுய்: ஆறின சோற்றைச் சல்லடையில் கழுவிப் பசை போக்கிப் போட்டு, கொதித்ததும் அடித்த முட்டையை ஓரத்திலிருந்து வட்டமாக ஊற்றி, தீயை அணைத்து மூடி ஒரு நிமிடம். நடுச்சட்டியில் உடோன் எனும் தடித்த கோதுமை நூடுல்ஸ். உறைந்த உடோன் பொட்டலத்தின் பின்பக்கத்தைக் கணவரின் நண்பரே எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினார்: கோதுமை மாவு, உப்பு, மரவள்ளி மாவு. ஆறு பேரும் சாப்பிட்டார்கள். ஸோசுய் கொஞ்சம் மிஞ்சியது, உடோன் மிஞ்சவில்லை.

சரியாகாதவை

எல்லாம் கச்சிதமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் சுற்றில் நடுச்சட்டியின் சாறு மறுபடி நீர்த்தது. எடுத்து வைத்திருந்த சாறு அரை லிட்டரையும் ஊற்றி உப்பு சேர்த்த பிறகே சமாளித்தோம். அடுத்த முறை ஒரு லிட்டர் எடுத்து வைப்பேன். ஒரு தடவை பேச்சு சுவாரசியத்தில் சிவப்பு நூல் கட்டிய குச்சி நடுச்சட்டியின் விளிம்பு வரை வந்துவிட்டது. ஃபுகுவோகா அம்மா அண்ணனின் கையைப் பிடித்து நிறுத்தினார். நூல் போதாது, குச்சியின் நிறமே வேறாக இருக்க வேண்டும். கறுப்புக் குச்சி ஒரு சோடி வாங்கியாகிவிட்டது.

இரண்டு அடுப்பு, இரண்டு சட்டி என்பது எல்லோர் வீட்டிலும் முடியாது. ஒரே சட்டிதான் என்றால் நான் அதைச் சைவமாகவே வைப்பேன். கோழியைத் தனியாக வேகவைத்துத் தட்டில் தருவேன், வேண்டியவர் தன் கிண்ணத்தில் போட்டுக்கொள்ளட்டும்.

அவர்கள் கிளம்பும்போது மணி பத்தாகப் போகிறது. மிச்சப் பொன்சுவை அக்கா ஒரு சின்ன பாட்டிலில் கேட்டு வாங்கிக்கொண்டார், தோசைக்குத் தொட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னார். சட்டியை உடனே கழுவவில்லை. சூடான மண் சட்டியில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது. ஆறிய பிறகு சோப்பில்லாமல் கழுவி, இரண்டு குச்சிகளின் மேல் கவிழ்த்து வைத்தேன். காலையில் ஒன்பதாம் எண் சட்டியை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். ஷியிதாகே வாசம் மட்டும் இருந்தது.